புகையைப் புதைக்கிற வேலை

1

அப்பாவின் முதலாண்டுத் திதிக்கு ஊருக்குப் போகவேண்டும் என்று நான் விடுப்புக் கேட்ட வாரத்தில்தான் அந்த வீடியோ வெளியே வந்தது. தலைக்கவசமும் மஞ்சள் மேல்சட்டையும் போட்டுக்கொண்டு, கடலைப் பின்னால் வைத்து, ஒரு பெரிய குழாயின் பக்கத்தில் நின்று பேசுகிறேன். எங்கள் திட்டத்தின் விளம்பரப் பிரிவு எடுத்த சின்னத் துண்டு. இந்த ஊரில் அதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. எங்கள் ஊரான கோலார் தங்கவயலில் பார்க்காதவர்கள் யாருமில்லை என்று பிறகு தெரிந்தது.

நான் இருப்பது வட இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஒரு துறைமுக ஊர். வருடத்தில் பாதி நாள் மேகம் கூரைமேல் உட்கார்ந்திருக்கும். சிமென்ட் ஆலை, உர ஆலை, உருக்காலை, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, ஊர்க்குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை என்று ஐந்து பெரிய புகைபோக்கிகள் ஆற்றோரம் நிற்கின்றன. அந்தப் புகையிலிருந்து கரியமில வாயுவை மட்டும் பிரித்து, அழுத்தி, ஐந்து ஆலைக்கும் பொதுவான ஒரே குழாயில் கடலுக்குள் கொண்டுபோய், கடல் தரைக்கும் வெகு ஆழத்தில் இருக்கும் மணற்பாறைக்குள் செலுத்துவது எங்கள் திட்டம். ஆளுக்கொரு குழாய் போட்டால் யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் பொதுக் குழாய். அந்த ஐந்து ஆலைக்காரர்களையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து ஒத்துப்போகச் செய்வது என் வேலை.

குழாயடியில் குடம் வைத்துச் சண்டைபோட்ட ஊரில் வளர்ந்தவளுக்கு அந்த வேலை புதிதல்ல. சிமென்ட் ஆலையின் வாயுவில் ஈரம் அதிகம். ஈரம் சேர்ந்தால் வாயு அமிலமாகிக் குழாயை அரிக்கும். "அவர்கள் ஈரத்துக்கு எங்கள் குழாய் ஏன் துருப்பிடிக்க வேண்டும்?" என்று உருக்காலைக்காரர் கேட்பார். "எங்கள் குழாய் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று சிமென்ட்காரர் எழுந்திருப்பார். இதற்கிடையே அனுமதிகள். குழாய் போகும் சதுப்பு நிலத்தில் குளிர்காலத்துக்கு வந்து தங்கும் பறவைகள் கிளம்பும்வரை மண்வெட்டி படக்கூடாது என்று உத்தரவு. அந்தக் குளிர்காலம் முழுவதும் காத்திருந்தோம். பறவைக்காகக் காத்திருந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எங்கள் ஊரில் தங்கம் பிரித்தெடுத்து மிஞ்சிய சைனைடு மண்ணை மலைமலையாகக் கொட்டியபோது, காற்றடித்தால் அது யார் வீட்டுச் சோற்றில் விழும் என்று ஒருவரும் கேட்கவில்லையே என்ற நினைப்பு அந்த மாதங்களில் அடிக்கடி வந்தது.

என் மகள் மகிழுக்குப் பதினாறு வயது. இங்கேயே பிறந்தவள். அவளும் அவள் தோழிகளும் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் அலுவலக வாசலில் அட்டை பிடித்து நின்றார்கள். 'புதைத்தால் மறைந்துவிடுமா?' என்று அதில் எழுதியிருந்தது. நான் உள்ளே போகும்போது அவள் அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அன்று வீட்டில் பேச்சு வந்தபோது, "ஆலைகள் இஷ்டம்போல் புகைவிட நீ வழி செய்து கொடுக்கிறாய், அம்மா" என்றாள் ஆங்கிலத்தில். மனம் கசக்கும் பேச்சுக்கெல்லாம் அவளுக்கு ஆங்கிலம்தான்.

"இல்லையென்றால் ஐந்தையும் மூட வேண்டும். மூடினால் ஒரு ஊர் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது" என்றேன்.

"அப்போ காட்டு" என்றாள் தமிழில்.

அப்படித்தான் அவளும் என்னோடு கிளம்பினாள்.

2

பெங்களூரில் இறங்கி, பங்காருபேட்டையில் வண்டி மாறி, சாம்பியன் ரீப்ஸ் நிலையத்தில் கால் வைக்கும்போதே நாலைந்து பேர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள். "தேனக்கா, வந்துட்டீங்களா!" என்று ஒருவர் பெட்டியை வாங்கிக்கொண்டார். அவர் யாரென்று எனக்குத் தெரியவில்லை. என் தம்பி முருகேசன் அவர்களுக்கு நடுவே கல்யாண வீட்டுக்காரன்போல நின்றிருந்தான்.

முருகேசனைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைவிட எட்டு வயது இளையவன். தங்கச் சுரங்கத்தில் ஆட்கள் போகும் கூண்டை ஏற்றி இறக்கும் எஞ்சினை ஓட்டியவர் எங்கள் அப்பா. அந்த இடத்துக்கு ஒருநாள் தானும் போவோம் என்று நம்பி வளர்ந்தவன் அவன். அவன் வேலைக்குப் போகும் வயதில் சுரங்கத்தை மூடினார்கள். அதிலிருந்து விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய், ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வை பார்த்து, இருட்டிய பிறகு வீடு திரும்புவதுதான் வாழ்க்கை. எங்கள் ஊரில் பாதிப்பேருக்கு அதுதான். அவன் மகள் யாழினி சின்ன வயதில் அப்பாவை ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் விருந்தாளி என்று நினைத்திருந்தாளாம். அவன் மனைவி செல்வி சிரித்துக்கொண்டேதான் இதைச் சொல்வாள்.

வீட்டுக்குப் போனால், சுரங்கத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளின் முன்னால் வாடகை நாற்காலிகள் போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். திதி மறுநாள்தானே, இன்றைக்கே எதற்கு இத்தனை கூட்டம் என்று கேட்டேன்.

"உன்ன பாக்கத்தான்க்கா" என்றான் முருகேசன். "முகம் கழுவிட்டு வா. ஒரு வார்த்த பேசிடு."

அவன் போனை நீட்டினான். என் வீடியோதான். ஆனால் கீழே யாரோ வேறு எழுத்தை ஒட்டியிருந்தார்கள்: 'தங்கவயல் பெண் பொறியாளர் லண்டன் திட்டத்தோடு வருகிறார். மூடிய சுரங்கங்களில் புகை சேமிப்பு. ஆயிரக்கணக்கில் வேலை.' தினமும் பெங்களூர் ரயிலில் போகிறவர்களின் வாட்ஸப் குழு ஒவ்வொன்றிலும் அது சுற்றி வந்திருக்கிறது. மாரிகுப்பத்திலிருந்தும் நந்திதுர்க்கிலிருந்தும் ஆள் வந்திருந்தது அதனால்தான்.

கூட்டத்தில் ஒரு பெரியம்மா மகிழின் கன்னத்தைத் தடவி, "உங்கம்மாவுக்கு அங்க இன்னா வேல கண்ணு?" என்று கேட்டார்.

மகிழ் தமிழைத் தேடிப்பிடித்துச் சொன்னாள். "அம்மா... காத்தை அடக்கம் பண்றாங்க."

"ஐயோ, யாரு செத்துட்டாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். மகிழின் முகம் சிவந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பெரியசாமி எழுந்துகொண்டார். தொழிற்சங்கத்தில் இருந்தவர், அப்பாவோடு வேலை செய்தவர், எனக்கு மாமா முறை. மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"நாலு வார்த்தையில கேக்கறேன்மா. காத்த வெக்கறதுக்கு உங்களுக்கு பூமிக்குள்ள எடம் வேணும். எங்ககிட்ட கீற ஓட்ட உலகத்துல வேற யாருகிட்ட கீது? பத்தாயிரம் அடி தோண்டி வெச்சிருக்கோம். எங்கப்பன் தோண்டினான், நான் தோண்டினேன். சும்மா தண்ணி நெறஞ்சி கெடக்குது. அத்த எடுத்துக்கோ. பசங்களுக்கு ஊர்லயே ஒரு ஷிஃப்ட் குடு. அவ்ளோதான்."

கை தட்டினார்கள். முருகேசன் என்னைப் பார்த்தான். சின்ன வயதில் கபடியில் ஜெயித்துவிட்டு வந்து பார்ப்பானே, அதே பார்வை.

நான் நின்றுகொண்டே விளக்கினேன். காற்றை வைக்க ஓட்டை தேவையில்லை, பஞ்சுபோல நுண்ணிய துளைகள் உள்ள பாறை தேவை. அதன்மேல் காற்று கசியாத களிப்பாறை மூடியாகக் கிடக்கவேண்டும். கடலுக்கு அடியில் அது இருக்கிறது. நம் பாறை இரும்பு மாதிரி. அதில் நாம் போட்ட சுரங்கங்களெல்லாம் ஒன்றோடொன்று திறந்து கிடக்கின்றன, எங்கே அடைத்தாலும் வேறெங்கோ வெளியே வரும்.

"அடச்சிக்கலாம்க்கா, சிமென்ட் போட்டு" என்றான் பின்னால் ஒருவன்.

"அடைக்க முடியாதுப்பா. அதுமட்டுமில்லை, புகை எங்கிருந்து வரும்? அங்கே ஐந்து ஆலை பக்கத்தில் இருக்கிறது. அந்த ஆலைகளை மூடாமல் இருப்பதற்காகத்தான் அந்தத் திட்டமே."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என்ன என்று எனக்கே உறைத்தது. பெரியசாமி மாமா உட்கார்ந்தார். "மூடாம இருக்கறதுக்கு திட்டம் போடறாங்களா அங்க?" என்று பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

அப்போது ஒரு பெண் கையைத் தூக்கினாள். கவிதா என்று பெயர், ஊர்ப் பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறாள். "மேடம், சில நாட்டுல கரும்பாறைக்குள்ள தண்ணியோட சேத்து அனுப்பினா காத்து கல்லாவே மாறிடுதுன்னு படிச்சேன். நம்ம ஊரும் பழைய எரிமலைப் பாறைதானே? அது ஆகாதா?"

அது நல்ல கேள்வி. பலநாள் நானே எனக்குள் கேட்டுக்கொண்ட கேள்வியும்கூட. இங்கே அதை யாராவது ஆராயலாம். ஆராய்ந்தால் ஒரு கட்டுரை வரும், நாலு பேர் கருவிகளோடு வந்து போவார்கள். வேலை வராது. எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பார்க்கலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைய பொழுது நல்லபடியாக முடிந்துவிடும். முருகேசன் தலையை லேசாக ஆட்டினான், சொல்லு என்பதுபோல.

"ஆராய்ச்சிக்கு ஆகலாம், கவிதா. அதை நம்பி ஒருத்தர்கூட இங்கே ஒரு ஷிஃப்டுக்கும் காத்திருக்க வேண்டாம். நான் எந்தத் திட்டமும் கொண்டுவரவில்லை. அப்பாவுக்குத் திதி கொடுக்க வந்தேன்" என்றேன்.

யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியை மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுப் போனார்கள். பெரியசாமி மாமா மட்டும் போகும்போது நின்றார்.

"அங்க குப்பைய கீழ அனுப்பறாங்க. இங்க கீழ இருந்தத மேல கொட்டிட்டு போயிட்டாங்க" என்றார். "நீ இன்னா பண்ணுவ, பாவம்."

3

திதி நல்லபடியாக முடிந்தது. முருகேசன் செய்யவேண்டியதையெல்லாம் செய்தான், ஐயர் சொன்னதற்கெல்லாம் சரியாகக் கை நீட்டினான். என்னோடு பேசவில்லை.

மத்தியானம் இலை எடுத்த பிறகு செல்வி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். "அண்ணி, உங்ககிட்ட சொல்லாதன்னு சொல்லியிருந்தாரு. அவரு கெடங்கு வேலைக்கு போயி மூணு வாரம் ஆவுது."

"லீவா?"

"இல்ல அண்ணி. 'எங்க ஊர்லயே மைன் தெறக்கறாங்க, இனிமே வரமாட்டேன்'னு சொல்லிட்டு வந்துட்டாரு. 'எங்கக்கா வர்றப்ப நான் வெளிய இருக்கக் கூடாது, ஆள் சேக்கறதுக்கு இங்க இருக்கணும்'னாரு. நான்கூட கேட்டேன், போன் போட்டு அண்ணிய ஒரு வார்த்த கேளுங்கன்னு. 'எங்கக்கா நேர்ல வந்துதான் சொல்லுவா, இதெல்லாம் போன்ல சொல்ற விஷயமா'ன்னுட்டாரு."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, இந்த மூன்று வாரமும் யாழினியைப் பள்ளிக்கு அவன்தான் கூட்டிக்கொண்டு போனதையும், சாயங்காலம் இரண்டு பேரும் கைகோத்துக் கடைத்தெருவுக்குப் போனதையும் சொன்னாள். "அந்த மூணு வாரம் எங்களுக்கு நல்லா இருந்திச்சி அண்ணி" என்றாள்.

முருகேசன் வீட்டுக்குப் பின்னால் துணி காயும் இடத்தில் நின்றிருந்தான். அங்கிருந்து பார்த்தால் சைனைடு மண்மேடு தெரியும். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"ஏன்டா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை?"

"கேட்டா இல்லன்னு சொல்லியிருப்ப."

"அப்போ தெரிந்துதானே செய்தாய்?"

"தெரியாது. பயந்தேன்" என்றான். "அந்த டீச்சர் கேட்டாளே, அப்ப பாக்கலாம்னு சொல்லியிருக்கலாம்க்கா. நீ பொய் சொல்லணும்னு கேக்கல. பாக்கலாம்னு சொன்னா பொய் ஆயிடுமா? நீ ரெண்டு வாரத்துல பிளேன் ஏறிடுவ. நான் அந்த ஆளுங்க மூஞ்சிலதான் தெனம் முழிக்கணும்."

"பார்க்கலாம் என்று சொல்லி எத்தனை பேர் இந்த ஊரில் ஓட்டு வாங்கியிருக்கிறார்கள், முருகேசா?"

"நீ அவங்க இல்லியே. நீ சொன்னா நம்பியிருப்பாங்க."

"அதனால்தான்" என்றேன்.

அவன் கொடியில் காய்ந்த அப்பாவின் வேட்டியை எடுத்து மடித்தான். திதிக்காகத் துவைத்துப் போட்டிருந்த வேட்டி.

4

மறுநாள் விடியற்காலை அவன் பெங்களூருக்குக் கிளம்பினான், கிடங்கில் மறுபடி கேட்டுப் பார்க்க. நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். மகிழ் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டாள். பிறகு அவனால் தடுக்க முடியவில்லை.

வண்டி மாரிகுப்பத்திலேயே பாதி நிறைந்து வந்தது. பெட்டிக்குள் ஒவ்வொருவருக்கும் நிலையான இடம் உண்டு, யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். முருகேசனின் இடம் மூன்று வாரமாகக் காலியாக இருந்ததால் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்திருக்கவில்லை. முருகேசன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கும் மகிழுக்கும் பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

பங்காருபேட்டை தாண்டியதும் எதிர் வரிசையில் இருந்த ஒருவன் ஆரம்பித்தான். இளைஞன்தான், கழுத்தில் ஏதோ கம்பெனி அட்டை. "மேடம், ஒண்ணு கேக்கலாமா? அங்க வெள்ளக்காரன் ஊருக்கு நீங்க எல்லாம் செய்யறீங்க. கடலுக்குள்ளயே குழாய் போடறீங்க. சொந்த ஊருக்கு வந்தா ஆகாது, முடியாது. சும்மாவாச்சும் ஒரு ரிப்போர்ட்கூட எழுதி அனுப்ப மாட்டீங்க, இல்ல?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவன் விடவில்லை. "எங்களுக்கு ஆசைய காட்டினது யாரு? உங்க வீடியோதான? உங்க தம்பிதான ஊர்ல ஆள் சேத்தாரு? இப்ப அவரும் எங்களோட ரயில்ல வராரு. நல்ல தமாஷ்."

சிலர் சிரித்தார்கள். ஒரு அம்மாள், "விடுப்பா, பொம்பள புள்ளைங்ககூட வந்திருக்காங்க" என்றார். மகிழ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பல வருடமாக அவள் அப்படிப் பிடித்ததில்லை.

முருகேசன் கம்பியை விட்டுவிட்டு அவன் முன்னால் வந்து நின்றான். சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன்.

"ஆசைய காட்டினது நான்" என்றான். "கேக்கறதா இருந்தா என்ன கேளு. எங்கக்காவ விடு."

"நீங்க இன்னாண்ணா..."

"இரு. மைன் மூடறப்ப உனக்கு இன்னா வயசு? அன்னியிலேந்து இந்த ஊருக்கு வந்த ஒவ்வொருத்தனும் இன்னா சொன்னான்? தெறப்போம். அடுத்த வருசம் தெறப்போம். கமிட்டி போட்டிருக்கோம், பாக்கலாம். எங்கப்பா அத்த கேட்டு கேட்டே செத்தாரு. இத்தினி வருசத்துல, நேரா வந்து, எல்லாரு மூஞ்சியயும் பாத்து, இல்லன்னா இல்லன்னு சொன்ன ஆளு வேற யாருன்னா இருக்காங்களா? ஒருத்தர் பேரு சொல்லு."

அந்த இளைஞன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். முருகேசன் பழைய இடத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்தான். என்னைப் பார்க்கவில்லை. பெங்களூர் வரை பார்க்கவில்லை. அவன் எனக்காகப் பேசியதற்கு நன்றி சொல்லவும் முடியவில்லை. ஏனென்றால் அவன் சொன்னது உண்மையென்று நம்பிச் சொன்னானா, அல்லது அக்காவை நாலு பேர் நடுவில் விட்டுக்கொடுக்கக் கூடாதென்று சொன்னானா என்று எனக்குத் தெரியவில்லை.

நிலையத்தில் இறங்கியதும், "நீங்க எங்கனா காபி சாப்ட்டு அடுத்த வண்டிய பிடிச்சி ஊருக்கு போங்க. எனக்கு லேட்டாவுது" என்றான். கூட்டத்துக்குள் அவன் சட்டையைக் கொஞ்ச தூரம்தான் அடையாளம் வைத்துப் பார்க்க முடிந்தது. பிறகு எல்லாச் சட்டைகளும் ஒன்றாகிவிட்டன.

"மூடினா இப்படியா ஆகும்?" என்றாள் மகிழ்.

"இப்படியும் ஆகும்" என்றேன். அவளிடம் வாதத்தில் ஜெயித்த திருப்தி எனக்கு வரவில்லை.

5

அந்தக் கிடங்கில் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். பெங்களூரின் மறுகோடியில் இன்னொரு கிடங்கில், மேற்பார்வை வேலை இல்லை, பெட்டி ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. அங்கிருந்து தினமும் ஊருக்குத் திரும்ப முடியாது என்பதால் நாலு பேரோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறான். யாழினிக்கு மறுபடியும் அவன் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி.

நாங்கள் திரும்பி வந்த பிறகு இங்கே பறவைகள் கிளம்பிவிட்டன. சதுப்பு நிலத்தில் குழாய் இறங்குகிறது. சிமென்ட்காரர் உலர்த்தும் கருவி வைக்க ஒத்துக்கொண்டார். உர ஆலையில் புதிதாக ஆள் எடுக்கப்போவதாக ஊர்ப் பத்திரிகையில் செய்தி வந்த நாளில், பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தன் மகன் வேறு ஊருக்குப் போகவேண்டியதில்லை என்று என்னிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். நானும் சந்தோஷப்பட்டேன். உண்மையாகத்தான். வீட்டுக்கு வந்த பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை.

மகிழ் இன்னும் எங்கள் திட்டத்தை எதிர்க்கிறாள். வாதத்தை மாற்றிக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். 'இவர்களைக் காப்பாற்றுங்கள், ஆனால் ஏற்கெனவே கைவிட்ட ஊர்களுக்கு யார் பதில் சொல்வது?' என்று பள்ளியில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள். என்னிடம் காட்டவில்லை. ஆசிரியை சொல்லித்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் முருகேசனுக்குப் போன் செய்கிறாள். நான் கேட்டால் "நல்லா இருக்கேன்க்கா, மாமா எப்படி இருக்காரு" என்று என் கணவரை விசாரிப்பதோடு முடித்துக்கொள்கிறவன், அவளிடம் நெடுநேரம் பேசுகிறான். அவளுடைய ஓட்டைத் தமிழைக் கேட்டு அவன் சிரிப்பது அடுப்படிவரை கேட்கும். போன வாரம் அவள் திடீரென்று கேட்டுவிட்டாள். "மாமா, உங்களுக்கு அம்மா மேல கோவமா?"

நான் அடுப்பை அணைத்தேன். அவன் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. மகிழ் நிறைய நேரம் "ம்... ம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"கோவம் இருக்காம்" என்றாள். "ஆனா உன் மேல இல்லையாம். யார் மேலன்னு இன்னும் தெரியலையாம், அம்மா."